மொட்டைப் பிரித்துப் பார்த்தீர்களா?

பெங்களூரில் இருக்கும் என் மகள் போன பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது இரண்டு தொட்டிகளில் சால்வியா கொண்டுவந்தாள். பூங்காக்களில் வரிசை வரிசையாகச் சிவப்பாக வைத்திருப்பார்களே, அந்தச் செடிதான். பிறந்த ஊர் பிரேசில். உறவுமுறை பார்த்தால் நம் துளசிக்கும் கற்பூரவல்லிக்கும் திருநீற்றுப்பச்சைக்கும் பங்காளி. தண்டை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டிப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு உருளாது. துளசித் தண்டு போலவே நாலு பட்டை தட்டும்.

தையிலும் மாசியிலும் நன்றாகப் பூத்தது. தேன்சிட்டு கூட வந்து போனது. பங்குனி வெயில் ஏறியதும் ஒரு மாற்றம். கதிர் முழுக்கச் சிவப்பு மொட்டுகள் நிற்கின்றன, ஒன்றும் விரியவில்லை. ஒரு வாரம் பார்த்தேன், இரண்டு வாரம் பார்த்தேன். "மல்லிகைக்கு வாங்கின மருந்து மிச்சம் இருக்குல்ல, அதை அடிச்சு விடுங்க" என்றாள் என் மனைவி. நானும் வாளியில் கலக்கிவிட்டேன். கைத்தெளிப்பானில் ஊற்றப்போகும் சமயம் என்ன தோன்றியதோ, ஒரு மொட்டைக் கிள்ளி, சவர பிளேடால் நீளவாக்கில் கீறினேன்.

உள்ளே புழு இல்லை, பூச்சி இல்லை, அழுகல் இல்லை. பூவும் இல்லை. வெறும் பை. அதன் அடியில் இளம்பச்சையாக நாலு விதைகள் உட்கார்ந்திருந்தன.

சால்வியாவில் பூவைத் தாங்கும் புல்லிவட்டமே சிவப்பாக இருக்கும். உள்ளிருந்து நீட்டிக்கொண்டு வரும் குழல் போன்ற பூ சீக்கிரம் உதிர்ந்துவிடும், அதிலும் வெயில் காலத்தில் கேட்கவே வேண்டாம். புல்லிவட்டம் மட்டும் சிவப்பு மாறாமல் பல நாள் நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் அது மொட்டு. நான் இரண்டு வாரம் கவலைப்பட்டது மலராத மொட்டைப் பற்றி அல்ல. மலர்ந்து, உதிர்ந்து, விதையும் பிடித்துவிட்ட ஒரு பூவைப் பற்றி. அதற்குத்தான் மருந்து கலக்கியிருந்தேன்.

கலக்கிய மருந்தை எங்கே கொட்டினேன் என்று கேட்காதீர்கள். பெருமைப்படும்படி அது இல்லை.

சால்வியாவில் நிஜமாகவே மொட்டு விரியாமல் போவதும் உண்டு. கடும் வெயிலில் வேருக்குத் தண்ணீர் பற்றாமல் போனால் மொட்டு காய்ந்து உதிரும். தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால் இலைதான் வரும். சில சால்வியா வகைகள் செவ்வந்தி மாதிரி, இரவு நீண்டால்தான் பூக்கும். தெருவிளக்கு வெளிச்சம் இரவெல்லாம் படும் இடத்தில் வைத்தால் ஏமாந்து போய் நிற்கும். இந்த ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. ஒன்றுக்குக்கூட என் வாளியில் இருந்தது வைத்தியம் இல்லை.

அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. சால்வியா இரண்டே தொட்டி, போனால் போகிறது. மல்லிகைக்கு மூன்று வருடமாக அடித்துக்கொண்டிருக்கிறேனே, அதில் ஒரு மொட்டையாவது பிரித்துப் பார்த்தேனா?

இல்லை.

இதில் எனக்கு வெட்கம் கொஞ்சம் கூடுதல். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1954 நவம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தைக் கைமாற்றிக் கொடுத்தபோது எனக்கு நாலு வயது. 1962 ஆகஸ்டில் சட்டப்படி எல்லாம் முடிந்தபோதும் நான் பிரெஞ்சில்தான் வாய்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் மூதாதையர் கோல் தேசத்தவர் என்று கறுத்த பிள்ளைகள் நாங்கள் முப்பது பேர் கோரஸாகப் படித்த கூத்தும் நடந்தது. அந்தப் படிப்பில் இருந்த நல்ல காரியங்களில் ஒன்று 'லெசோன் த ஷோஸ்' என்ற வகுப்பு. பொருட்பாடம் என்று சொல்லலாம். வாத்தியார் ஒரு பொருளை மேசைமேல் வைப்பார். ஒரு மெழுகுவர்த்தி, ஒரு முட்டை, ஒரு பூ. புத்தகத்தைத் திறக்கக் கூடாது. முதலில் பார்க்கணும், பிறகு தொடணும், பிறகு பிரிக்கணும், பிறகுதான் பெயர். ஒருநாள் செம்பருத்தி மொட்டைக் கொடுத்தார். பிரெஞ்சில் பூமொட்டுக்கும் சட்டைப் பொத்தானுக்கும் முகப்பருவுக்கும் ஒரே சொல்தான், 'பூத்தோன்'. நாங்கள் சிரித்தோம். "பொத்தானைக் கழற்றாமல் சட்டைக்குள் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்?" என்றார் அவர். அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது, குரல் காதில் இருக்கிறது.

பிறகு முப்பத்தைந்து வருடம் அரசாங்க குமாஸ்தா. கோப்பைப் பிரிக்காமல் மேலே குறிப்பு எழுதுகிறவர்களை எத்தனை பேரைக் கேலி செய்திருப்பேன்! ஓய்வு பெற்று மனைவியின் ஊரான வ. புதுப்பட்டிக்கு வந்து, மேற்கே மலையைப் பார்த்தபடி தோட்டம் போட்டுக்கொண்டு உட்கார்ந்த பிறகு நான் செய்ததும் அதேதான். மொட்டு ஊதா நிறமாகிறதா? கடைக்குப் போ. "மல்லிகை மொட்டு கருகுதுங்க." "இதை அடிங்க சார்." அடி.

மறுநாள் காலை மல்லிகைச் செடியிடம் போனேன். குண்டுமல்லி எட்டுப் புதர். ஊதா பாய்ந்த மொட்டு இருபது பறித்து வந்து, முற்றத்தில் வெள்ளை வேட்டித் துண்டு விரித்து, பிளேடை எடுத்துக்கொண்டேன்.

மூன்றில் மட்டும் பக்கவாட்டில் ஊசி குத்தினாற்போல ஓட்டை. உள்ளே பூ அரித்துப்போய், எச்சம் கிடந்தது. ஒன்றில் கறுத்த தலையோடு பச்சைப் புழுவும் இருந்தது. இது மொட்டுப்புழு. பூ வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த திருடன். பக்கத்து மொட்டுகளை நூலால் சேர்த்துப் பின்னி வைத்திருக்கும், கண்ணுக்குத் தெரியும்.

மற்ற பதினேழில் ஓட்டையே இல்லை. அடிப்பகுதி மட்டும் சற்று வீங்கி, ஊதா படர்ந்திருந்தது. பிளந்தால் இதழ்களின் அடியில் ஈரமாக, அரைகுறையாக அழுகினாற்போல இருந்தது. முதலில் ஒன்றும் புலப்படவில்லை. என் பேத்தி படிக்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தபோதுதான் அந்த ஈரம் நகர்ந்தது. தலை கால் இல்லாத, வெள்ளையும் மஞ்சளுமான நுண்புழுக்கள். ஒரே மொட்டில் பதினொன்று எண்ணினேன். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். பத்து நிமிடத்தில் துண்டின்மேல் சில புழுக்கள் உடம்பை வில்லாக வளைத்துத் துள்ளிக் குதித்தன. என் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இதுதான் மொட்டு ஈ. கொசுவைவிடச் சிறியது, பறப்பது தெரியாது. பச்சை மொட்டின் நுனியில் முட்டையைச் செருகிவிட்டுப் போகிறது. புழு உள்ளேயே பிறந்து, இதழ் அடியைச் சுரண்டிக் குடித்து வளர்கிறது. வளர்ந்ததும் மொட்டிலிருந்து குதித்து மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழு ஆகிறது. முட்டையிலிருந்து அடுத்த ஈ வரை மூன்று நாலு வாரம். அதில் ஈயாக வெளியில் திரிவது நாலு நாள் அளவில்தான். மல்லிகையோடு நிற்காது, செம்பருத்தி மொட்டும் இதற்கு மிகவும் பிடிக்கும். ஹவாய் தீவிலும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலும் ஆர்க்கிட் வளர்ப்பவர்களை இதே ஈ அழ வைத்திருக்கிறது.

இப்போது கணக்குப் பாருங்கள். புழு இருப்பது மூடிய மொட்டுக்குள். கூடு இருப்பது மண்ணுக்குள். நாம் மருந்து அடிப்பது இலைமேல். நாலு நாள் வாழும் ஈயில் ஏதோ சில அன்று அகப்பட்டால் உண்டு. மூன்று வருடமாக நான் அடித்த மருந்து எல்லாம் பூட்டிய வீட்டின் சுவருக்கு வெள்ளையடித்த மாதிரி. அந்த ஈயைத் தின்ன வரும் சிலந்தியும் எறும்பும், கூடவே தேனீயும்தான் செத்திருக்கும்.

மொட்டு ஏன் விரியவில்லை என்பதற்கும் இதில் விடை கிடைத்தது. பூ விரிவது தண்ணீர் வேலை. இதழில் சேமித்திருந்த மாவு சர்க்கரையாகி, அது தண்ணீரை இழுத்து, இதழ் விம்மி, அந்த விம்மலில் தானாக விரிகிறது. விடியலில் பறித்த மல்லிகை மொட்டு செடியை விட்டுப் பிரிந்த பிறகும் சாயங்காலம் கூடையில் விரிவது அதனால்தான். மல்லிகை வியாபாரமே இந்த நம்பிக்கையில் நடக்கிறது. மற்ற பூவையெல்லாம் பூவாக விற்கிறோம்; மல்லிகையை மொட்டாக விற்கிறோம். சாயங்காலம் விரியும் என்று வாக்குக் கொடுத்து. இதழின் அடியைப் புழு குடித்துவிட்டால் தண்ணீர் ஏறாது. லேசாகப் பாதித்த மொட்டு காலையில் வெள்ளையாகவே இருக்கும், கமிஷன் கடைத் தராசில் ஏறிவிடும், பெண்கள் தலையில் போய்ச் சேர்ந்த பிறகுதான் விரியாமல் பழுப்பாகும்.

இதுவரை எனக்குத் தெரிந்ததைச் சொல்லும் சந்தோஷத்தில் எழுதிவிட்டேன். இனிமேல் சொல்ல வேண்டியது அவ்வளவு சந்தோஷமானது இல்லை.

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் அரை ஏக்கரில் ஒரு அம்மா மல்லிகை போட்டிருக்கிறார். குத்தகை நிலம். ஐம்பதைத் தாண்டிய வயது, கணவர் இல்லை. என்னை "பாண்டிச்சேரி அண்ணே" என்பார், நான் "தங்கச்சி" என்பேன். இரண்டு வருடமாகப் பங்குனி, சித்திரையில் அவருக்குப் பூ சரியாக வரவில்லை. பத்து கிலோ எடுக்க வேண்டிய இடத்தில் நாலு கிலோ. அதிலும் ஊதா மொட்டு என்று கடையில் கழிப்பார்கள். ஐந்து நாளைக்கு ஒரு தடவை மருந்து அடிப்பார். அந்த வாடை எங்கள் திண்ணை வரை வரும்போது நான் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்த ஜனங்களுக்கு எவ்வளவு சொன்னாலும் தெரியாது" என்று முணுமுணுத்திருக்கிறேன்.

என் எட்டுப் புதரிலும் தினமும் மொட்டு வருகிறது. எங்களுக்கு வேண்டியது சாமிக்கு ஒரு முழம், மனைவிக்கு ஒரு முழம். மிச்சத்தைப் பறிப்பதில்லை. "செடியிலேயே இருக்கட்டும், பார்க்க அழகு" என்பது என் கொள்கை. ஊதா மொட்டு உதிர்ந்து புதரடியில் கிடக்கும். கண்ணை உறுத்தினால் கூட்டி அள்ளி, வேலியோரம் வெட்டி வைத்திருக்கும் மக்கு உரக்குழியில் போடுவேன். குழி காயாமல் இருக்கத் தினமும் தண்ணீர் தெளிப்பேன். வேலி நெடுகச் செம்பருத்தி. அதிலும் மொட்டு மஞ்சளாகி உதிரும்; "வெயில்" என்று சொல்லி அதையும் அதே குழியில் போடுவேன்.

ஈரமான, மிருதுவான, நிழலான மண். தினமும் புழு நிறைந்த மொட்டு. வேலிக்கு அப்பால் அரை ஏக்கர் சாப்பாடு. ஒரு மொட்டு ஈ வரம் கேட்டிருந்தால்கூட இவ்வளவு கேட்டிருக்காது. மருந்து அடிக்காமலும் இல்லை, அதையும் அடித்துக்கொண்டு, மூன்று வருடம் நான் அந்த அம்மாவின் தோட்டத்துக்குப் பூச்சி வளர்த்துக் கொடுத்திருக்கிறேன்.

அவருடைய செடிக்கு வந்த ஈ முழுக்க என் வீட்டுக் குழியிலிருந்து வந்தது என்று நிரூபிக்க முடியாது. குமாஸ்தா புத்தி, அந்தச் சந்தேகத்தின் பலனை எனக்கே கொடுத்துக்கொள்ளப் பார்த்தது. ஆனால் அவருடைய தோட்டத்தில் வேலியை ஒட்டிய நாலு வரிசைதான் எப்போதும் மோசம். அதைப் போன வருடமே அவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். நான் தலையாட்டியிருக்கிறேன்.

போய்ச் சொன்னேன். கையில் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் மொட்டுகளை எடுத்துக்கொண்டு போனேன். துள்ளும் புழுவைக் காட்டினேன். உரக்குழியையும் சொன்னேன். அவர் டப்பாவை வெகுநேரம் பார்த்தார்.

"தெரிஞ்சா செஞ்சீங்கண்ணே" என்றார். சற்றுப் பொறுத்து, "போன வருசம் மருந்துக்கு மட்டும் பதினெட்டாயிரம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

நான் உபதேசத்தில் இறங்கினேன். மருந்தை நிறுத்துங்கள், கெட்ட மொட்டைப் பொறுக்கி எடுங்கள் என்றேன்.

"யாரு பொறுக்க?" என்றார். "விடியக் காலம் மூணு மணிக்கு லைட்டைத் தலையில கட்டிக்கிட்டு வர்றாளுக. கிலோவுக்கு இவ்வளவுன்னு கூலி. நல்ல மொட்டு பறிக்கவே கை பத்தல. கெட்ட மொட்டுக்கு யாருண்ணே கூலி குடுப்பா? நீங்க எட்டுச் செடிக்காரரு, உக்காந்து பிரிச்சுப் பாப்பீங்க."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் முழுப் பதில் இல்லை. கழிக்கும் மொட்டுக்குக் கூலி இல்லாதவரை கெட்ட மொட்டு செடியில்தான் இருக்கும். கவாத்து யோசனை ஒன்று சொன்னேன். குண்டுமல்லிக்குக் கார்த்திகை நடுவில், நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்து செய்வது வழக்கம். அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஒரே வாரத்தில் வெட்டினால் சில வாரம் எந்தத் தோட்டத்திலும் மொட்டு இருக்காது. நாலு நாள் வாழும் ஈ எங்கே போய் முட்டையிடும்? அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. மார்கழி, தையில்தான் பூ கிலோ ஆயிரத்தைத் தாண்டுகிறது. அந்த விலைக்கு ஆசைப்பட்டு முன்கூட்டியே வெட்டிவிடுபவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் போய் ஒரே வாரம் என்று யார் சொல்வது? வாஸ்தவம். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டோம். பக்கத்துப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் இருவர் ஒரே வாரத்தில் கவாத்து செய்ய ஏற்பாடு இல்லை.

ஆனால் என்னால் செய்யக்கூடியது இருந்தது. வாடகை வீட்டுக்காரன் போல நான் அடுத்தவரைக் குறை சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் என் வீட்டுக் கூரைதான் ஒழுகியிருக்கிறது. உரக்குழியில் அந்த மொட்டுகளைப் போடுவதை நிறுத்தினேன். பழைய குழியைக் கிளறி, வெயிலில் காயவிட்டு, மேலே கறுப்புப் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடினேன். தினமும் காலை எட்டுப் புதரிலும் உள்ள மொட்டை மிச்சம் வைக்காமல் பறிக்கிறேன். எங்களுக்குப் போக மிச்சம் பக்கத்து வீடுகளுக்கு. ஊதா மொட்டும் உதிர்ந்த மொட்டும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள். வாயைக் கட்டி மொட்டைமாடியில் வெயிலில் மூன்று நாள். பைக்குள் புழு துள்ளுவது முதல் நாள் தெரியும், இரண்டாம் நாள் தெரியாது. வேரடி மண்ணை வாரம் ஒரு தடவை கொத்திக் காயவிட்டேன், வேப்பம் புண்ணாக்கு போட்டேன். தண்ணீரைத் தினமும் ஊற்றாமல் மண் காய்ந்த பிறகு ஊற்றினேன்.

செம்பருத்தி வேலியை வெட்டினேன். இதற்குத்தான் வீட்டில் சண்டை. வெள்ளிக்கிழமைக்குச் செம்பருத்தி வேண்டும் என்று என் மனைவி பதினைந்து வருடம் முன்னால் வைத்தவை. ஒன்றை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன், அதில் உதிர்வதையெல்லாம் நானே பொறுக்கித் தருவேன் என்று எழுதிக் கொடுக்காத குறை. அந்த வாரம் முழுக்க எனக்குக் காபியில் சர்க்கரை குறைவாகவே விழுந்தது.

முதல் மூன்று வாரம் ஒரு வித்தியாசமும் இல்லை. பதற்றமாகிக் கடைக்குப் போயிருப்பேன். மண்ணில் ஏற்கெனவே இருக்கும் கூட்டுக்கு மூன்று நாலு வாரம் கணக்கு என்று தெரிந்திருந்ததால் பொறுத்தேன். ஐந்தாவது வாரம் நூறு மொட்டுக்கு ஏழெட்டுதான் ஊதா. தங்கச்சி தோட்டத்தில் வேலியோர நாலு வரிசையை நான் தினமும் காலையில் ஒரு மணி நேரம் பொறுக்கித் தருகிறேன். கூலி இல்லாத ஆள். அவருடைய மீதி நிலம் இன்னும் முழுக்கச் சரியாகவில்லை. ஆனால் மருந்து ஐந்து நாளைக்கு ஒரு தடவை என்பது மாதம் ஒரு தடவை ஆகியிருக்கிறது, அதுவும் மொட்டுப்புழுவைக் கண்ணால் பார்த்த பிறகு.

இனி என் அபிப்பிராயம். பிடிக்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பூச்சிமருந்துக் கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை. கேட்டதைக் கொடுக்கிறார். டாக்டரிடம் போனால் நாக்கை நீட்டச் சொல்கிறார், கண்ணை இழுத்துப் பார்க்கிறார். மருந்துக் கடையில் "மொட்டைக் கொண்டாந்தீங்களா?" என்ற ஒரு கேள்வி இருந்தால் போதும், பாதி வியாபாரம் மிச்சமாகும். யாருக்கு மிச்சம் என்பதில்தான் சிக்கல். அவர் கேட்க மாட்டார். நாம்தான் எடுத்துக்கொண்டு போக வேண்டும். வத்திராயிருப்பில் தோட்டக்கலை அலுவலகம் இருக்கிறது, ஸ்ரீவில்லிபுத்தூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பூச்சியைப் பார்த்த கண்கள் அங்கே உண்டு. வெறும் வாயால் "கருகுது" என்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் புரியாது. பையில் பத்து மொட்டு இருந்தால் புரியும்.

இன்னொன்று, சாப்பிடும் பொருளில் மருந்து எவ்வளவு மிஞ்சலாம் என்று 2006-ஆம் வருடத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரம்பு வைத்திருக்கிறார்கள். பூவை யாரும் சாப்பிடுவதில்லை, ஆகவே அது அந்தக் கணக்கில் வராது. சாயங்காலம் மருந்து அடித்து விடியலில் பறித்து மத்தியானம் தலையில் ஏறும் பொருள் வேறு எது? விரல் நுனி வெடித்த பறிக்கும் பெண்களை எனக்குத் தெரியும். கட்டும்போது நாரைப் பல்லில் கடித்துக் கட்டுவார்கள். கோவிலில் கொடுத்த பூவைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம், பச்சைக் குழந்தையின் தலையில் வைக்கிறோம். நாங்கள் இருப்பது ஆண்டாள் ஊருக்குப் பக்கத்தில். பெரியாழ்வார் நந்தவனம் போட்ட மண். சித்திரைத் திருவிழாவில் மதுரை அழகருக்கும், பிரம்மோற்சவத்தில் திருப்பதிக்கும் இங்கிருந்துதான் மாலை போகிறது. ஆண்டாள் கையில் இருக்கும் கிளியையே தினமும் மாதுளம்பூ மூக்கும் மரவள்ளி இலை உடம்புமாகப் புதிதாகக் கட்டுகிறார்கள். அவ்வளவு அக்கறையாகப் பூவைக் கையாளும் ஊரில், பூவுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு பிளேடு எடுக்க மாட்டோம் என்றால் எப்படி?

மூன்றாவது, எங்களைப் போன்ற ஓய்வூதியக்காரர்களுக்கு. கிராமத்தில் வீடு கட்டி, சுற்றிலும் நாலு மல்லிகையும் செம்பருத்தியும் வைத்து, "இயற்கை" என்று சொல்லிப் பறிக்காமல் விட்டு வைக்கிறோம். பக்கத்து நிலத்துக்காரருக்கு அது பிழைப்பு. உங்களுக்கு எத்தனை செடி பராமரிக்க முடியுமோ அத்தனை வையுங்கள். பறிக்க முடியாத செடியைப் பறிப்பவரிடம் கொடுங்கள். உதிர்ந்த மொட்டைக் குப்பைக்குழியில் போடாதீர்கள். இதைச் சொல்வதற்கு எனக்கு ஆன செலவு அந்த அம்மாவின் பதினெட்டாயிரத்தில் எவ்வளவு என்று தெரியாது. போன மாதம் ஓய்வூதியம் வந்ததும் ஐயாயிரம் கொண்டுபோனேன். வாங்கவில்லை. "வேலியோரம் நீங்க பொறுக்குறீங்கல்ல, அது போதும்" என்றுவிட்டார். அவருடைய பேரனுக்கு ஸ்கூல் பை வாங்கிக் கொடுத்தேன், அதை மட்டும் மறுக்க முடியவில்லை.

ஒரு வேடிக்கை சொல்ல விட்டுப்போயிற்று. விரியாத மொட்டெல்லாம் நோய் இல்லை. வயலோரம் கானாவாழை என்று ஒரு களை இருக்கிறதே, நீலப் பூப் பூக்கும், அது மண்ணுக்கு அடியிலும் பூ வைக்கும். அந்தப் பூ ஒருநாளும் விரியாது. விரியாமலே தனக்குத்தானே மகரந்தம் சேர்த்து விதை பிடித்துவிடும். போன வாரம் களை எடுக்கும்போது ஒன்றைத் தோண்டி என் பேத்திக்குப் பிரித்துக் காட்டினேன். பூவின் பெயரை முதலில் சொல்லவில்லை.

நேற்று வெள்ளிக்கிழமை. என் மனைவி நாற்பது மொட்டு கட்டினாள். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு பார்த்தால் முப்பத்தெட்டு விரிந்திருந்தது. இரண்டு விரியவில்லை. சரத்திலிருந்து அந்த இரண்டையும் உருவிக்கொண்டு வந்து பிளேடால் கீறினேன். ஒன்றில் ஒன்றும் இல்லை, இளமொட்டாகப் பறித்துவிட்டிருக்கிறேன். இன்னொன்றில் மூன்று இருந்தன. பையில் போட்டுக் கட்டி மாடிக்கு எடுத்துப்போனேன்.